கைக்கு அடங்கிய மூஞ்சூறு: கம்பியில்லாச் சுட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சித்தூரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், பாகுதா ஆற்றின் கரையில் அமைந்திருக்கிறது காணிப்பாக்கம். கிணற்று நீரின் நடுவே எழுந்தருளியிருக்கும் வரசித்தி விநாயகரைத் தரிசிக்க ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களிலிருந்து நாள்தோறும் மக்கள் வருகின்றனர். விநாயகர் சதுர்த்தியை ஒட்டி 21 நாள்கள் நடைபெறும் பிரம்மோற்சவத்தில் சுவாமி மூஷிக வாகனத்திலும் வீதியுலா வருகிறார். அத்தனை பெரிய திருமேனியை இத்தனை சிறிய மூஞ்சூறு எப்படிச் சுமக்கிறது என்று சிறுவயதில் நாம் எல்லோரும் கேட்டிருப்போம்.

நம் வேலை மேசையிலும் ஒரு மூஞ்சூறு இருக்கிறது. அன்றாடப் பேச்சில் 'மவுஸ்' என்றும், எழுத்தில் 'சுட்டி' என்றும் நாம் குறிப்பிடும் அச்சிறு கருவி, நாள்முழுதும் நம் உழைப்பைச் சுமக்கிறது. மடிக்கணினி வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் ஆலோசனை கேட்கும் நாம், சுட்டியை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடுகிறோம். ஆனால் எட்டு மணி நேரமும் நம் கை பற்றியிருப்பது அச்சுட்டியைத்தான். அது பொருந்தாவிடில் முதலில் மணிக்கட்டு வலிக்கும். பின்னர் வேலை சுணங்கும். கவனக்குறைவு சேர்ந்தால் கணக்கின் பாதுகாப்புக்கும் இடர் நேரலாம். எனவே இவ்விதழில் கம்பியில்லாச் சுட்டியைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம்.

மூன்று மேசைகள், ஒரு சுட்டி

சென்னைக்கும் பெங்களூருக்கும் இடைப்பட்ட நெடுவழியில் அமைந்த ஊர் சித்தூர். இரு பெருநகரங்களின் நிறுவனங்களிலும் பணிபுரிவோர் இப்பகுதியில் பலர். 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக்குப் பின்னர், வாரத்தில் சில நாள்கள் வீட்டிலும் சில நாள்கள் அலுவலகத்திலும் பணிபுரியும் கலப்பு முறை பல நிறுவனங்களில் நிலைபெற்றுவிட்டது.

காணிப்பாக்கத்தில் குடியிருந்து, சென்னை நிறுவனம் ஒன்றின் கணக்குகளைச் சரிபார்க்கும் பெண்மணி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வாரத்தில் மூன்று நாள்கள் அவர் வீட்டிலேயே பணிபுரிகிறார். மற்ற இரண்டு நாள்கள் பேருந்தில் சித்தூர் வந்து, அங்கிருந்து காட்பாடி சென்று, ரயிலேறிச் சென்னையை அடைகிறார். அவருக்கு மேசைகள் மூன்று: வீட்டு மேசை, அலுவலக மேசை, ரயில் இருக்கையின் முன்னுள்ள சிறு பலகை. மூன்றிலும் ஒரே சுட்டி இயங்கவேண்டும். கடையில் அவர் கேட்கவேண்டிய முதற்கேள்வி 'எது விலை குறைவு?' என்பதன்று, 'என் கைக்கும் என் மூன்று மேசைகளுக்கும் எது பொருந்தும்?' என்பதே. அவரோடு சேர்ந்து நாமும் அக்கேள்விக்கு விடை தேடுவோம்.

வால் அறுந்த வரலாறு

சுட்டியின் வரலாற்றைச் சில வரிகளில் அறிந்துகொள்வது பயன் தரும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் டக்ளஸ் எங்கெல்பார்ட் வகுத்த கருத்துக்கு 1964இல் வடிவம் கொடுத்தவர் அவருடைய சகபணியாளர் பில் இங்கிலீஷ். அது ஒரு மரப்பெட்டி. அடியில் இரண்டு சக்கரங்கள், மேலே ஒரே பொத்தான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் எங்கெல்பார்ட் அதனைப் பலரறிய இயக்கிக் காட்டினார். வால் போல் கம்பி நீண்டிருந்ததால் அதற்கு 'எலி' என்று பெயர் வந்தது. பின்னர்ச் சக்கரத்தின் இடத்தை உருளும் பந்து பிடித்தது. பந்தின் இடத்தை ஒளி பிடித்தது. வானொலி அலையின் வரவால் வாலும் அறுந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வால் அறுந்ததால் பையில் எடுத்துச் செல்வது எளிதாயிற்று. ஆயினும் பேட்டரி, அலைவரிசை, பாதுகாப்பு என்னும் மூன்று புதிய கவலைகள் உடன் வந்து சேர்ந்தன. அவற்றுக்கு முன் கையைப் பார்ப்போம்.

கையே முதல் அளவுகோல்

ஓர் அளவுகோலை எடுத்து, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பாருங்கள். பொதுவாக 17 சென்டிமீட்டருக்குக் குறைவானது சிறிய கை. 17 முதல் 19 வரை நடுத்தரக் கை. அதற்கு மேற்பட்டது பெரிய கை என்று கொள்ளலாம். சுட்டியின் நீளம் கையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு இருந்தால் உள்ளங்கை அதன்மேல் இயல்பாகப் படியும். நம் பெண்மணியின் கை 16.5 சென்டிமீட்டர், ஆகவே 10 சென்டிமீட்டர் நீளமுள்ள சுட்டி அவருக்குப் பொருந்தும்.

'பயணச் சுட்டி' என்று விற்கப்படுபவற்றுள் பல, பையில் அடங்கவேண்டும் என்பதற்காகவே தட்டையாகவும் குறுகலாகவும் அமைக்கப்படுகின்றன. அரைமணி நேரப் பயன்பாட்டுக்கு அவை போதும். நாள்முழுதும் பயன்படுத்தினால் விரல்கள் மடங்கி, உள்ளங்கை தாங்குதலின்றி நிற்கும். வாரத்தில் ஐந்து நாள்களும் பணிக்கு அதையே நம்பியிருப்பவர்கள், பையில் சற்றுக் கூடுதல் இடம் பிடித்தாலும் கையை நிறைக்கும் வடிவத்தையே தேர்ந்தெடுப்பது நன்று.

இடக்கைப் பழக்கமுடையோர் இருபுறமும் ஒத்த வடிவமுள்ள சுட்டியை வாங்கவேண்டும். வலக்கைக்கென்றே வளைத்துச் செய்யப்பட்டது அவர்களுக்கு உதவாது. கணினியின் அமைப்புகளுக்குள் சென்று இடப் பொத்தானையும் வலப் பொத்தானையும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

கைகுலுக்குவது போன்ற நிலையில் பிடிக்கும் செங்குத்துச் சுட்டிகளும் இப்போது கிடைக்கின்றன. முன்கை முறுக்கிக்கொள்வதை அவை குறைக்கும். ஆனால் அவை மருந்தல்ல. விரல்கள் மரத்துப்போதலோ, இரவில் கை குடைச்சலோ தொடர்ந்தால், சுட்டியை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் மருத்துவரை அணுகவேண்டும். எந்தச் சுட்டியானாலும் முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கியிருக்க, முன்கை மேசையில் ஊன்றியிருக்க, இடையிடையே கைக்கு ஓய்வு கொடுத்துப் பணிபுரிவதே நலம்.

மேசை சொல்லும் சேதி

இன்றைய சுட்டியின் அடியில் ஒரு சிறு ஒளிவிளக்கும் ஒரு சிறு கேமராவும் உள்ளன. கேமரா, மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டுக் கை எப்பக்கம் நகர்ந்தது என்று கணிக்கிறது. பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு இருந்தால்தான் இக்கணிப்பு சரியாக அமையும்.

சித்தூர் மாவட்டம் கிரானைட் கல்லுக்குப் பெயர் பெற்றது. குப்பம் பகுதியின் பசுமை நிறக் கல் வெளியூர்களிலும் அறியப்பட்டது. இப்பகுதியின் வீடுகளில் மெருகேற்றிய கல் பலகைகளும் கண்ணாடி பதித்த மேசைகளும் பரவலாக உண்டு. பளபளப்பான பரப்பிலும் தெளிந்த கண்ணாடியிலும் சாதாரண ஒளிச்சுட்டி தடுமாறும். திரையில் அம்புக்குறி துள்ளும், அல்லது அசையாமல் நிற்கும். 'சுட்டி பழுது' என்று கடைக்குத் திருப்பி எடுத்துச் செல்வோர் முதலில் மேசையைச் சோதிக்கவேண்டும்.

கண்ணாடியின்மேலும் இயங்கும் உணரிகள் கொண்ட சுட்டிகள் உண்டு. அவற்றின் விலை கூடுதல். அதற்குச் செலவிட மனமில்லாதவர்கள் ஒரு துணி விரிப்பை வாங்கிக்கொள்ளலாம். அதுவும் வேண்டாமெனில், வீட்டிலுள்ள பழைய தினசரி நாட்காட்டியின் பின்னட்டையே போதும். அச்சில்லாத பழுப்புநிறப் பக்கத்தில் சுட்டி தடையின்றி ஓடும். ரயில் பலகையிலும் அதையே விரித்துக்கொள்ளலாம்.

டாங்கிளா, ப்ளூடூத்தா?

கம்பியில்லாச் சுட்டிகள் இரு வழிகளில் கணினியோடு பேசுகின்றன. ஒன்று, யூஎஸ்பி துளையில் செருகும் 'டாங்கிள்' என்னும் சிறு ஏற்பி வழியாக. மற்றொன்று, கணினியிலேயே உள்ள ப்ளூடூத் வழியாக. இரண்டும் பயன்படுத்துவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையே.

டாங்கிள், செருகிய உடனே இயங்கும். எளிமையே அதன் சிறப்பு. ஆனால் அது ஒரு துளையை அடைத்துக்கொள்கிறது. மெல்லிய புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் டைப்-சி துளை மட்டுமே உண்டு. பழைய வகை டாங்கிள் அதில் நுழையாது. பயணத்தில் டாங்கிள் தொலைந்தால் சுட்டி பயனற்றுப் போகவும் கூடும். ஆகவே சுட்டியின் அடியிலேயே டாங்கிளைச் செருகிவைக்கும் குழி இருக்கிறதா, தொலைந்தால் மாற்று டாங்கிள் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டறியுங்கள்.

ப்ளூடூத் சுட்டிக்குத் துளை வேண்டாம், தொலைப்பதற்கும் ஒன்றுமில்லை. சில வகைகளில் இரண்டு அல்லது மூன்று கணினிகளை இணைத்துவைத்து, ஒரு பொத்தானை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம். வீட்டுக் கணினி ஒன்றும் அலுவலகக் கணினி ஒன்றும் வைத்திருப்போர்க்கு இது பெரிய வசதி. ஆயினும் சில நிறுவனங்கள் தம் கணினிகளில் ப்ளூடூத்தை முடக்கியிருக்கும். வேறு சில, புதிய யூஎஸ்பி கருவிகளை ஏற்பதில்லை. எனவே கடைக்குச் செல்லுமுன் அலுவலகத்தின் கணினிப் பிரிவிடம் ஒரு சொல் கேட்டுவிடுவது பணத்தை மிச்சப்படுத்தும். ஐயம் இருப்பின், இரு வழியும் கொண்ட சுட்டியே பாதுகாப்பான தேர்வு.

டாங்கிள் சுட்டி விட்டுவிட்டு நகர்ந்தால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். யூஎஸ்பி 3.0 துளைகளும், அவற்றில் செருகிய கருவிகளும் எழுப்பும் மின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளைப் பாதிக்கும் என்று இன்டெல் நிறுவனம் 2012இல் வெளியிட்ட ஆய்வறிக்கை விளக்கியது. வெளித்தட்டு நினைவகம் ஒரு பக்கம் இருந்தால், டாங்கிளை மறுபக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் தொல்லை நீங்கிவிடும்.

பேட்டரியும் வெயிலும்

பென்சில் பேட்டரியில் இயங்கும் சுட்டி, ஒரு பேட்டரிக்குப் பல மாதங்கள் உழைக்கும். தீர்ந்துபோனால் எந்தப் பெட்டிக்கடையிலும் புதியது கிடைக்கும், ரயிலடியிலும் கிடைக்கும். நீண்ட நாள் பயன்படுத்தாவிடில் பேட்டரியைக் கழற்றி வைக்கவேண்டும். இல்லையேல் அது கசிந்து உட்பகுதியை அரித்துவிடும்.

சார்ஜ் செய்யும் சுட்டியில் லித்தியம் பேட்டரி உள்ளது. கைப்பேசியின் டைப்-சி கம்பியே இதற்கும் பயன்படுமானால் பையில் ஒரு கம்பி குறையும். இரண்டு செய்திகளைக் கவனிக்கவேண்டும். முதலாவது, சார்ஜ் ஏறும்போதும் சுட்டியைப் பயன்படுத்த முடியுமா என்பது; துளை அடிப்பக்கத்தில் இருந்தால் முடியாது. இரண்டாவது, பேட்டரி தளர்ந்தால் மாற்ற இயலுமா என்பது, பலவற்றில் இயலாது. கோடையில் திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் வெயில் 40 டிகிரி செல்சியஸைக் கடக்கும். அவ்வேளையில் மூடிய காருக்குள் விட்டுச்செல்லும் பையில் லித்தியம் பேட்டரி இருப்பது நல்லதன்று.

எவ்வகையாயினும் அடியில் நிறுத்து பொத்தான் உள்ளதையே வாங்குங்கள். பையில் இருக்கும்போது சுட்டி தானே விழித்துக்கொண்டு பேட்டரியைத் தின்னாமல் அது காக்கும்.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

காணிப்பாக்கம் சத்தியத்துக்குப் பெயர் பெற்ற தலம். விநாயகர் முன்னிலையில் பொய்யுரைக்க மக்கள் அஞ்சுவர். சுட்டியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களும் பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் அவை எல்லாம் நமக்குத் தேவையானவையும் அல்ல.

'டிபிஐ' என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். சுட்டி ஓர் அங்குலம் நகர்ந்தால் அம்புக்குறி எத்தனை புள்ளிகள் நகரும் என்பதை அது குறிக்கிறது. முழு எச்டி திரையின் அகலம் 1920 புள்ளிகள். 1000 டிபிஐ சுட்டியை இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக, அதாவது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நகர்த்தினாலே அம்புக்குறி திரையின் இக்கரையிலிருந்து அக்கரையை அடைந்துவிடும். அலுவலகப் பணிக்கு 800 முதல் 1600 வரை போதுமானது. பத்தாயிரத்தைத் தாண்டும் எண்கள் விளையாட்டுப் பிரியர்களைக் கருதிச் சேர்க்கப்பட்டவை. கணக்குப் பார்ப்பவர் அதற்குப் பணம் கொடுக்கவேண்டியதில்லை.

மாறாக, பெட்டியில் சிறிய எழுத்தில் இருக்கும் 'ஓசையற்ற அழுத்தம்' என்பது மதிப்புள்ளது. குழந்தை உறங்கும் அறையில் இரவு பணிபுரிபவருக்கும், ஒரே கூடத்தில் பலர் அமரும் அலுவலகத்துக்கும் அது பேருதவி. நீண்ட கணக்குத் தாள்களைப் பார்ப்பவர்கள் உருள்சக்கரத்தைக் கடையிலேயே சுழற்றிப் பார்க்கவேண்டும். வரிக்கு வரி தெளிவாக நிற்கிறதா, வழுக்கிச் செல்கிறதா என்பதை விரல் உடனே சொல்லிவிடும்.

கணக்கைக் காக்கும் கை

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் சற்று நின்று கவனிக்கவேண்டிய பகுதி இது. 2016 பிப்ரவரியில் பாஸ்டைல் என்னும் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 'மவுஸ்ஜாக்' என்று பெயரிட்ட ஒரு குறைபாட்டை வெளிப்படுத்தியது. டாங்கிள் வழி இயங்கும் பல நிறுவனங்களின் சுட்டிகளும் விசைப்பலகைகளும் அதில் அகப்பட்டன. சுட்டி அனுப்பும் செய்திகள் மறையாக்கம் செய்யப்படாததால், ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவிலிருந்து வேறொருவர் அந்த டாங்கிளோடு பேசி, விசைப்பலகையில் தட்டெழுதியது போன்ற கட்டளைகளைக் கணினிக்குள் செலுத்த முடிந்தது. அதன் பின்னர்ச் சில நிறுவனங்கள் திருத்தங்களை வெளியிட்டன. ஆனால் பழைய டாங்கிள்கள் இன்றும் புழக்கத்தில் இருக்கக்கூடும்.

இதற்காக அஞ்சவேண்டியதில்லை, சில பழக்கங்கள் போதும். பெயர் தெரியாத டாங்கிளையும், யாரோ விட்டுச்சென்ற டாங்கிளையும் கணினியில் செருகாதீர்கள். பத்தாண்டுக்கு முந்தைய டாங்கிள் சுட்டியை வைத்துக்கொண்டு இணைய வங்கிச் சேவையைப் பயன்படுத்தாதீர்கள். தயாரிப்பாளர் வெளியிட்ட திருத்தத்தை நிறுவுங்கள், அல்லது மாற்றிவிடுங்கள். இருக்கையை விட்டு எழும்போது விண்டோஸ் விசையையும் 'எல்' விசையையும் சேர்த்து அழுத்தித் திரையைப் பூட்டுங்கள். சுட்டிக்கான மென்பொருளைத் தயாரிப்பாளரின் இணையதளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள்.

இன்னொரு மோசடி மேலும் எளியது. சுட்டி பழுதானதும் இணையத்தில் 'வாடிக்கையாளர் சேவை எண்' என்று தேடுகிறோம். தேடலில் தோன்றும் எண் போலியாக இருந்தால், மறுமுனையில் பேசுபவர் ஏதேனும் ஒரு செயலியை நிறுவச் சொல்லித் திரையைத் தம் வசமாக்கிக்கொள்வார். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லி ஓடிபி கேட்பார். தேடுபொறிகளில் காணப்படும் போலி எண்களைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேடும் எச்சரிக்கிறது. சேவை எண்ணைப் பெட்டியிலிருந்தோ ரசீதிலிருந்தோ மட்டும் எடுங்கள். பணம் பறிபோனால் உடனடியாக 1930 என்ற எண்ணை அழைத்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள்.

விலையும் ரசீதும்

சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரம் ரூபாய் வரை சுட்டிகள் விற்கின்றன. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 ரூபாய்ச் சுட்டி மூன்று ஆண்டுகள் உழைப்பதாகவும், ஆண்டுக்கு 250 வேலைநாள்கள் எனவும் கொண்டால், நாளொன்றுக்கு ஆகும் செலவு இரண்டு ரூபாய். ஆண்டுக்கொரு முறை பழுதாகும் 400 ரூபாய்ச் சுட்டியை மூன்று முறை வாங்கினால் 1,200 ரூபாய் ஆகிறது. மிச்சம் வெறும் 300 ரூபாய். அதற்காக மூன்று ஆண்டுகள் கையை வருத்திக்கொள்வது சிக்கனமாகாது. மறுபுறம், பத்தாயிரம் ரூபாய்ச் சுட்டியைத் தவணையில் வாங்குவதும் பெரும்பாலோர்க்குத் தேவையற்றது.

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், உற்பத்தியான நாடு, மாதம், ஆண்டு, அதிகபட்சச் சில்லறை விலை, குறைதீர்ப்புத் தொடர்பு ஆகியவையும் அச்சிடப்பட்டிருக்கவேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. அவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். ரசீதில் வாங்கிய நாளும் உத்தரவாதக் காலமும் தெளிவாக இருக்கட்டும். சிறுதொழில் நடத்துவோர் தம் ஜிஎஸ்டி எண்ணை ரசீதில் சேர்க்கச் சொன்னால், தகுதியுள்ள இடத்தில் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாகப் பெறலாம். விற்றவர் உத்தரவாதத்தை மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

பழைய சுட்டியையும் அதன் பேட்டரியையும் குப்பைத்தொட்டியில் இடாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் பழைய சுட்டி சேரவேண்டும்.

நம் பெண்மணி எதனைத் தேர்ந்தெடுப்பார்? 10 சென்டிமீட்டர் நீளம், இருபுறமும் ஒத்த வடிவம், டாங்கிளும் ப்ளூடூத்தும், ஒரு பென்சில் பேட்டரி, ஓசையற்ற பொத்தான், 1600 டிபிஐ, மூன்றாண்டு உத்தரவாதம். பையில் கூடவே ஒரு நாட்காட்டி அட்டை. உங்கள் பட்டியல் இதனின்று வேறுபடலாம். உங்கள் கை வேறு, உங்கள் மேசை வேறு. ஆனால் வரிசை மாறக்கூடாது: முதலில் கை, அடுத்து மேசை, பின்னர் இணைப்பும் பாதுகாப்பும், இறுதியிலேயே விலை. அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது, பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி ஒரு நிமிடம் கையில் பிடித்துப் பாருங்கள். பொருந்துகிறதா இல்லையா என்பதைக் கடைக்காரரைக் காட்டிலும் உங்கள் கை நன்கறியும்.